‘லாங் வெகேஷன்’: ஓடத் தேவையில்லை என்று சொன்ன தொடர் கடைசியில் ஏன் பரிசைக் கையில் கொடுத்தது?

கேள்வி கேட்டவர்: முன்பனி

ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் 1996 ஏப்ரல் 15 முதல் ஜூன் 24 வரை, திங்கட்கிழமை இரவுகளில் பதினொரு வாரங்கள் ஒளிபரப்பான ‘லாங் வெகேஷன்’ தொடரை அண்மையில் மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். முதல் இரண்டு முறையும் எழாத ஓர் ஐயம் இம்முறை எழுந்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். தன் திருமண நாளன்று, ஷிரோமுகு எனப்படும் வெண்ணிற மணக்கோலத்தில், ஹயாமா மினாமி டோக்கியோவின் தெருக்களில் ஓடிவருகிறாள். மணமகன் வரவில்லை. அவன் தங்கியிருந்த வீட்டின் கதவைத் தட்டினால், அவனோடு அந்த வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த செனா ஹிதெதோஷி என்னும் இளைஞன் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்கிறான். மணமகன் ஊரைவிட்டே போய்விட்டான் என்பது அங்கேதான் தெரிகிறது. மினாமி முப்பதைத் தாண்டியவள். விளம்பர அழகியாக அவளுக்கு வாய்ப்புகள் வற்றிக்கொண்டிருக்கின்றன. செனாவுக்கு வயது 24, பியானோ பயின்றவன், மேற்படிப்புத் தேர்வில் தோற்று, குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து நாளைக் கழிக்கிறான். போக்கிடம் இல்லாத மினாமி, ஓடிப்போனவனின் அறையிலேயே குடியேறிவிடுகிறாள்.

எதைத் தொட்டாலும் துலங்காத காலம் ஒன்று எல்லோர் வாழ்விலும் வரும், அதைக் கடவுள் கொடுத்த நீண்ட விடுமுறை என்று எண்ணிக்கொண்டு, ஓடாமல், பதறாமல், வலிந்து முயலாமல், வருவதன் போக்கில் இருந்துவிட வேண்டும் என்று செனா ஒருநாள் மினாமியிடம் சொல்கிறான். தலைப்பே அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் இறுதிப் பகுதியில் செனா பியானோப் போட்டியில் வெல்கிறான், பாஸ்டன் செல்லும் வாய்ப்பைப் பெறுகிறான், மினாமியையும் பெறுகிறான். அப்படியானால் அந்த விடுமுறை, வெற்றிக்கு முந்தைய இடைவேளையாக மட்டும் சுருங்கிவிடவில்லையா? போட்டியில் அவன் தோற்றிருந்தால் அந்த வார்த்தைகள் அப்போதும் நின்றிருக்குமா? எழுதியவர் தம் சொல்லைத் தாமே நம்பவில்லையோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. தொடரை நேசிப்பவர்கள் சினம் கொள்ளாமல் விடையளிக்க வேண்டுகிறேன். நானும் அதை நேசிப்பவள்தான்.

மறுமொழி: தாளக்கட்டு

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் செனாவின் தோல்வி எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் இருபது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கு விசைப்பலகை கற்றுக்கொடுப்பவன் என்பதால், மற்றவர்கள் காதலைப் பார்க்கும் இடத்தில் நான் அவனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செனாவுக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. தொடக்கத்தில் அவன் வாசிப்பில் பிழை என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே கிடையாது. ஆனால் அது எவரையும் நோக்கிப் போவதில்லை, அவனைச் சுற்றியே சுழன்று அடங்கிவிடுகிறது. பேச்சிலும் அவன் அப்படித்தான். கல்லூரியில் தனக்கு இளையவளான ஒகுசவா ரியோகோவை மனத்திற்குள் விரும்பிக்கொண்டே, அதைச் சொல்லும் தருணங்களை ஒவ்வொன்றாக நழுவவிடுகிறான். அவள் மினாமியின் தம்பி ஷின்ஜியிடம் மனத்தைப் பறிகொடுத்த பிறகுதான், தான் எதையுமே சொல்லவில்லை என்பது அவனுக்கே உறைக்கிறது. காதலில் தடுமாறுவதும் மேடையில் தடுமாறுவதும் ஒரே குணத்தின் இரண்டு விளைவுகள் என்பதைத் தொடரை எழுதிய கிதாகவா எரிகோ எந்தப் பாத்திரத்தின் வாயாலும் சொல்லவைக்கவில்லை; காட்சிகளை அடுத்தடுத்து வைத்தே உணர்த்திவிடுகிறார்.

இப்படிப்பட்ட குறையைக் கூடுதல் பயிற்சியால் தீர்க்க முடியாது. நாள்தோறும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பயிற்சி செய்தால் அதே மூடிய வாசிப்பு இன்னும் செம்மையாக மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். என் மாணவர்களில் இருவரிடம் இதை நேரில் கண்டிருக்கிறேன். செனாவுக்குத் தேவைப்பட்டது, கேட்பதற்கு ஒருவர் அதே வீட்டில் இருப்பது. அதுவும் இசை தெரியாத, வாயை அடக்கத் தெரியாத, இன்னும் கொஞ்சம் வாசி என்று உரிமையோடு கேட்கும் ஒருவர். மினாமிக்காக அவன் வாசிக்கும் காட்சிகளையும், இறுதியில் மேடையில் வாசிக்கும் காட்சியையும் ஒரே மூச்சில் பார்த்தால், போட்டியில் அவன் பெறுவது ஓய்வெடுத்ததற்கான கூலி அல்ல என்பது புரியும். அரங்கு நிறைய ஆட்கள் இருந்தும் அவன் ஒருத்திக்காகத்தான் வாசிக்கிறான். நடுவர்கள் அதற்குப் பரிசு கொடுத்தது தற்செயல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுமொழி: பழைய ஒளிநாடா

தாளக்கட்டு ஐயா சொன்னது இசைக்குப் பொருந்தும். ஆனால் பரிசு தற்செயல் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பரிசு அன்றைய பார்வையாளருக்குக் கட்டாயம் தேவைப்பட்டது என்பதே என் கருத்து. அதற்குத் தொடர் வெளிவந்த ஆண்டையும் மாதத்தையும் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் கல்வியாண்டும் அலுவலக ஆண்டும் ஏப்ரலில் தொடங்குகின்றன. நிறுவனங்கள் அந்த ஆண்டு படிப்பை முடித்தவர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏப்ரலில் ஒரே நாளில் பணியில் சேர்த்துக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம். அந்த ஒரு வாசலைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு அது அதே அகலத்தில் திறப்பதில்லை. நுழைவுத் தேர்வில் தோற்று மறுமுறைக்காகக் காத்திருக்கும் மாணவனுக்கு ரோனின் என்றே பெயர். தலைவனை இழந்து அலைந்த சாமுராயைக் குறித்த பழைய சொல் அது. புதிய உடையணிந்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அலுவலகங்களுக்குள் நுழையும் ஏப்ரலில், எந்த வாசலிலும் நுழைய முடியாத இருவரைப் பற்றிய கதை தொடங்குகிறது. அப்போது பங்குச்சந்தைக் குமிழி உடைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலைவாய்ப்பின் உறைபனிக் காலம் என்று பின்னாளிலும் அழைக்கப்பட்ட நெருக்கடி தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டான 1995, ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தையும் மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதலையும் கண்டிருந்தது. அந்த நாட்டில், அந்த மாதத்தில், ஓடத் தேவையில்லை என்று ஒருவன் தொலைக்காட்சியில் சொன்னால் அது எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

விழுந்ததற்குச் சான்றும் உண்டு. கெட்சுகு என்று அழைக்கப்படும் அந்தத் திங்கள் இரவு ஒன்பது மணி நேரத்தில் தொடரின் சராசரிப் பார்வையாளர் விகிதம் 29.6 விழுக்காடு, இறுதிப் பகுதிக்கு 36.7 விழுக்காடு. திங்கள் இரவுகளில் அலுவலகப் பெண்களைத் தெருவில் காண முடியாது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். செனாவாக நடித்த கிமுரா தகுயாவைப் பார்த்துவிட்டு ஆண்கள் பியானோ வகுப்புகளைத் தேடிப் போனதும் அப்போது பேசப்பட்டது. குபோதா தோஷினோபு பாடிய தலைப்புப் பாடல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதே திங்கள் ஒன்பது மணியில் 1991இல் வந்த ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’ அகானா ரிகாவை இறுதிவரை நேசிக்கவைத்து, கடைசியில் தனியே நடந்துபோகவிட்டது. குமிழியின் வெப்பம் முற்றிலும் ஆறாத நாட்டால் அந்தப் பிரிவைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஐந்தாண்டுகள் கழித்து அதே நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்கள் தோல்வியைப் பகல் முழுவதும் வெளியே பார்த்துவிட்டு வந்தவர்கள்; அவர்களிடம் செனாவும் தோற்றான் என்று சொல்வது துணிவு அன்று, இரக்கமின்மை.

மறுமொழி: உமிக்காந்தல்

மூவரும் செனாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்ட முன்பனி அவர்களும் செனா தோற்றிருந்தால் என்றுதான் கேட்கிறார். மினாமி ஏற்கெனவே தோற்றுவிட்டாள் என்பது யார் கண்ணிலும் படவில்லையா?

இந்தத் தொடரின் முதல் அரைமணி நேரம் எவருடையது? வெண்ணிற மணக்கோலத்தோடு ஓடிவந்தவளுடையது. ஜப்பானில் அந்தத் தலைமுறைப் பெண்களைக் கிறிஸ்துமஸ் கேக்கோடு ஒப்பிடும் ஒரு கொடிய கேலி வழக்கில் இருந்தது. 25ஆம் தேதியைத் தாண்டிய கேக்கை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது அதன் பொருள். அந்தக் கேலியின் கணக்குப்படி என்றோ காலாவதியாகிவிட்ட ஒரு பெண்ணைத் திங்கள் இரவின் நாயகியாக வைத்து, அவளைவிட ஏழு வயதளவு இளையவனை அவளுக்கு இணையாக வைத்ததுதான் கிதாகவா செய்த உண்மையான துணிச்சல். யமாகுச்சி தோமோகோ அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த உடல்மொழி இன்னும் பெரிய துணிச்சல். கால்களை அகட்டி உட்கார்ந்து, வாய்நிறைய உணவோடு பேசி, அழுகை வரும் நேரத்தில் உரக்கச் சிரித்து, அழகி என்ற தொழிலோடு ஒட்டவே ஒட்டாத ஒருத்தியாக அவர் நடமாடுகிறார். அந்தச் சிரிப்பு எத்தனை முறை அழுகையின் மேல் போட்ட போர்வையாக இருக்கிறது என்பதை எண்ணத் தொடங்கி, ஆறாம் பகுதிக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.

அவளுடைய தொழில் என்னவாயிற்று? இளைய அழகிகள் முன்னே போகிறார்கள். அவளுக்கு வரும் வேலைகள் சிறுத்துச் சிறுத்து ஒருநாள் நின்றுவிடுகின்றன. சுகிசாகி என்ற ஒளிப்படக் கலைஞர், பண்பானவர், அவளை மணக்க விரும்புகிறார், அவள் மறுக்கிறாள். பிறகு செனா போட்டியில் வென்றதும், தன்னோடு பாஸ்டனுக்கு வருமாறு கேட்கிறான், அவள் போகிறாள். ஆகவே, விடுமுறை முடிந்து செனா தன் வேலைக்குத் திரும்பினான். மினாமி திரும்பியது எதற்கு? அவனுடைய வேலைக்கு. முன்பனி அவர்களின் குற்றச்சாட்டு சரிதான், ஆனால் பாதிதான் சரி. அந்தச் சொல்லைக் கிதாகவா செனாவின் கதையில் நம்பாமல் போனார் என்றால், மினாமியின் கதையில் அளவுக்கு மீறி நம்பிவிட்டார். அவளுக்கு முடிவேயில்லாத விடுமுறையைக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கடன் எழுதியவருக்கே உறுத்தியிருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. இது என் ஊகம் மட்டுமே. அவர் 2018இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேவின் காலைத் தொடராக எழுதிய ‘ஹன்புன், ஆஓயி’யில், இடது காதில் கேட்கும் திறனை இழந்த சுசுமே என்ற பெண் சித்திரக்கதை வரையக் கிளம்பி, ஆண்டுக்கணக்கில் உழைத்து, தன் திறமை இவ்வளவுதான் என்று உணர்ந்து அந்தக் கனவை விட்டுவிடுகிறாள். நூறு யென் கடையில் வேலை பார்க்கிறாள், மணம் புரிகிறாள், அதுவும் முறிகிறது. விட்ட கனவு திரும்பி வந்து அவளுக்குப் பரிசு கொடுப்பதில்லை. அவள் வேறொன்றை உருவாக்கக் கற்றுக்கொள்கிறாள். கிதாகவாவே ஒரு காதில் கேட்கும் திறனை இழந்தவர். மினாமிக்கு 1996இல் எழுதப்படாத பக்கங்கள் சுசுமேவுக்கு எழுதப்பட்டன என்பது என் வாசிப்பு.

மறுமொழி: தாளக்கட்டு

உமிக்காந்தல் அவர்களே, மினாமியை நான் கேட்பவளாக மட்டுமே வைத்து எழுதியிருக்கிறேன் என்பதை உங்கள் மறுமொழியைப் படித்தபின் உணர்ந்தேன். என் பார்வையின் குறைதான் அது. ஆனால் அவள் செனாவின் வேலைக்குத் திரும்பினாள் என்பது சற்றுக் கடுமையான கூற்று. சுகிசாகியை மறுத்த இடத்தில்தான் அவள் கதை முடிவுக்கு வருகிறது என்று நான் கருதுகிறேன். முப்பதைத் தாண்டிய, வேலை இழந்த, மணமேடையில் கைவிடப்பட்ட ஒருத்தி, நிலையான வருவாயும் நற்பண்பும் உள்ள ஒருவரை வேண்டாம் என்று சொல்கிறாள். அப்போது செனாவுக்கு வேலையும் இல்லை, பரிசும் இல்லை. பாதுகாப்புக்காக ஒருவரைப் பற்றிக்கொள்ளும் பழைய மினாமி ஓடிப்போனவனின் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

மறுமொழி: உமிக்காந்தல்

அதை ஏற்கிறேன். ஆனாலும் ஒருத்தி எதை மறுத்தாள் என்று காட்டுவதோடு நிறுத்திவிட்டு, எதைச் செய்யத் தொடங்கினாள் என்று காட்டாமல் விடுவது அக்காலத் தொடர்களின் சோம்பல். பாஸ்டனில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மினாமி என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

மறுமொழி: சுமிதாக்கரை

விவாதத்தில் பெரிதாகச் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் யாரும் சொல்லாத ஒரு செய்தி உண்டு. யமாகுச்சி தோமோகோ 1995இன் இறுதியில் நடிகர் கராசவா தோஷியாகியை மணந்தவர். ‘லாங் வெகேஷன்’ முடிந்தபின் அவர் வாராந்தரத் தொடர் எதிலும் முதன்மைப் பாத்திரம் ஏற்காமல் ஒதுங்கியே இருந்தார். மீண்டும் தொடருக்குத் திரும்பியது 2012இல், கோரெஎதா ஹிரோகசு இயக்கிய ‘கோயிங் மை ஹோம்’ வழியாக. பதினாறு ஆண்டுகள்! புகழின் உச்சியில் இருந்தவர், எவரும் துரத்தாதபோது தாமாகவே ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். ‘லாங் வெகேஷன்’ தொடரில் ரியோகோவாக வந்த மட்சு தகாகோ மறுஆண்டே ‘லவ் ஜெனரேஷன்’ தொடரில் கிமுராவுக்கு இணையாக நடித்து முன்னணிக்கு வந்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த விலகல் எவ்வளவு அரியது என்பது விளங்கும்.

இன்னொன்று. செனாவின் வீட்டு மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து ரப்பர்ப் பந்தைக் கீழே போடும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். தரையில் மோதி அது மீண்டும் சன்னல் உயரத்துக்கு எழும்பி வருமா என்று பார்க்கிறார்கள். வேகமாக விழுந்தது வேகமாக எழும் என்று அந்தக் காட்சிக்குப் பலரும் பொருள் கூறுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பந்தை விட்டபின் அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பது மட்டுமே அவர்கள் வேலை. செனா சொன்ன விடுமுறைக்கு அந்த நீட்டிய கையைவிடப் பொருத்தமான விளக்கம் தொடரில் வேறில்லை. அந்தக் கட்டடம் சுமிதா ஆற்றங்கரை அருகே உண்மையாகவே இருந்தது. ரசிகர்கள் தேடிச்சென்று பார்த்துவந்தார்கள். பின்னர் இடித்துவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்: முன்பனி

அனைவருக்கும் நன்றி. பழைய ஒளிநாடா அவர்கள் எழுதிய ஏப்ரல் மாதச் செய்தி எனக்கு முற்றிலும் புதிது. ஒளிபரப்பு நாளைக் கேள்வியின் முதல் வரியிலேயே எழுதியிருந்தும், அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்பதை நான் பார்க்கவில்லை. எனினும் பார்வையாளருக்குத் தேவைப்பட்டது என்பதாலேயே ஒரு முடிவு கதைக்கு உண்மையாகிவிடாது என்ற என் எண்ணம் மாறவில்லை. உமிக்காந்தல் அவர்களின் கண்டிப்பு என் கேள்வியையே திருத்திவிட்டது; செனாவின் பரிசைக் குறைசொல்லத் தெரிந்த எனக்கு மினாமியின் வெறுங்கை உறுத்தவில்லை என்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

உங்கள் மறுமொழிகளைப் படித்தபின் முதல் பகுதியின் தொடக்கத்தையும் கடைசிப் பகுதியின் முடிவையும் நேற்றிரவு அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஓட்டம்தான். டோக்கியோவில் மினாமி மணக்கோலத்தில் தனியே ஓடுகிறாள். பாஸ்டனில் செனாவும் மினாமியும் மண உடையில், நேரமாகிவிட்டதென்று தேவாலயத்தை நோக்கி ஓடுகிறார்கள். ஓடத் தேவையில்லை என்று நடுவில் சொன்ன தொடருக்கு இரண்டு எல்லையிலும் ஓட்டத்தை வைக்க வேண்டிய கட்டாயம் என்ன? இதை முரண் என்று எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

மறுமொழி: சுமிதாக்கரை

முதல் ஓட்டத்தில் மினாமியின் முகத்தையும் இரண்டாவது ஓட்டத்தில் அவள் முகத்தையும் பாருங்கள். முதலில் மணமகனைக் காணோம் என்று ஓடுகிறாள். இரண்டாவதில் அவன் கூடவே ஓடுகிறான். தாமதமாகிவிட்டது என்பதைப் பற்றி இருவருக்குமே பெரிய கவலை இருப்பதாகத் தெரியவில்லை.